சிறு நிறுவனத்தின் கணினிகளைக் காப்பாற்றுவது எப்படி: படிப்படியான முழு வழிகாட்டி

ஒரு திங்கட்கிழமை காலை வந்த போன். "சார், ஃபைல் எதுவுமே திறக்க மாட்டேங்குது." பன்னிரண்டு பேர் வேலை செய்யும் அலுவலகம் அது. போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் புரியாத ஒரு வால் ஒட்டியிருந்தது. எல்லா ஃபோல்டரிலும் ஒரே பெயரில் ஒரு டெக்ஸ்ட் கோப்பு: உங்கள் தரவுகளைப் பூட்டிவிட்டோம், திறக்க வேண்டுமானால் இந்த முகவரிக்கு எழுதுங்கள்.

"பேக்கப் இருக்கா?" என்று கேட்டேன். உரிமையாளர் முகத்தில் நிம்மதி வந்தது. "இருக்கு சார், தினமும் ராத்திரி தானா எடுத்துடும்" என்று சர்வரில் செருகியிருந்த வெளி ஹார்டு டிஸ்கைக் காட்டினார். திறந்தோம். அதிலும் அதே வால். எந்நேரமும் சர்வரோடு இணைந்தே இருந்ததால், பூட்டியவன் அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டிருந்தான்.

அந்த டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வைக்கும் பழக்கம் இருந்திருந்தால், இரண்டு மூன்று நாளில் அவர்கள் வேலையைத் தொடங்கியிருப்பார்கள். சிறு நிறுவனங்களில் நான் பார்த்த பெரிய இழப்புகள் பலவும் இவ்வளவு சின்ன இடத்தில்தான் கோட்டை விட்டவை. அதனால் இந்த வழிகாட்டியில், செலவு குறைவாகவும் பலன் அதிகமாகவும் உள்ள வேலைகளை முன்னால் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. வரிசையாகச் செய்யுங்கள்.

"எங்களைப் போல சின்ன இடத்துக்கு யார் வரப்போறாங்க?"

இந்தக் கேள்வியைக் கேட்காத உரிமையாளரை நான் பார்த்ததில்லை. உங்கள் பெயரைத் தேடிக்கொண்டு யாரும் வருவதில்லை என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் இணையத்தில் உள்ள முகவரிகளை ஒன்று விடாமல் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. எந்தக் கதவு பூட்டாமல் இருக்கிறது என்பதை மட்டுமே அவை பார்க்கும். உள்ளே இருப்பது அச்சகமா, வங்கியா என்பது நுழைந்த பிறகுதான் தெரியும்.

உங்களிடம் பணம் இல்லாவிட்டாலும் பணம் உள்ளவர்களின் சாவி இருக்கலாம். 2013 இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து சுமார் 4 கோடி கார்டுகளின் விவரங்கள் களவு போயின. திருடர்கள் முதலில் கைப்பற்றியது, அந்தக் கடைகளுக்குக் குளிர்சாதன வேலை செய்து கொடுத்த ஒரு சிறு நிறுவனத்தின் லாகின்.

முதல் படி: இருப்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள்

கணினிகள், போன்கள், ரூட்டர், பிரிண்டர், கண்காணிப்பு கேமரா, பில் போடும் மென்பொருள், இணையதளம், டொமைன் பெயர் (உங்கள் இணையதளமும் மின்னஞ்சலும் இயங்கும் முகவரி), வங்கி லாகின், சமூக ஊடகப் பக்கங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்று பதில்கள் வேண்டும். இதன் அட்மின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது? இது இல்லாமல் எத்தனை நாள் ஓட்ட முடியும்? கடைசியாக எப்போது அப்டேட் செய்தோம்?

முதல் கேள்விக்கே பல இடங்களில் பதில் வராது. டொமைன் பெயர், என்றோ வெப்சைட் செய்து கொடுத்தவரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கும். அதை இந்த வாரமே நிறுவனத்தின் பெயருக்கு மாற்றுங்கள். டொமைன் கை மாறினால் அந்தப் பெயரில் வரும் மின்னஞ்சல் எல்லாம் கூடவே போய்விடும்.

இரண்டாம் படி: மின்னஞ்சலை முதலில் பூட்டுங்கள்

"பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?" என்ற பொத்தானை அழுத்தினால் புதிய பாஸ்வேர்டுக்கான இணைப்பு எங்கே வருகிறது? மின்னஞ்சலுக்குத்தான். அந்த ஒரு கணக்கு போனால் மற்ற கணக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போகலாம். அதனால் இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கும் வசதியை) மின்னஞ்சலில் தொடங்கி, பிறகு வங்கி, கிளவுடு, டொமைன், சமூக ஊடகம் என்று நீட்டுங்கள். அது இருந்தால் தானியங்கியாக நடக்கும் கணக்குத் தாக்குதல்களில் 99.9 சதவீதத்தைத் தடுக்கலாம் என்று மைக்ரோசாஃப்ட் 2019இல் சொன்னது. இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் வேறு வேலை எனக்குத் தெரியவில்லை.

எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி, எதுவுமே இல்லாததைவிட எவ்வளவோ மேல். ஆனால் உங்கள் எண்ணுக்கு மாற்று சிம் வாங்கிவிடும் மோசடிக்காரன் அதை வாங்கிவிடுவான். போனிலேயே குறியீட்டை உருவாக்கும் ஆதென்டிகேட்டர் ஆப் அதைவிடப் பாதுகாப்பானது. பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனிலோ கணினியிலோ இருக்கும் டிஜிட்டல் சாவி) அல்லது யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி எல்லாவற்றிலும் உறுதி, ஏனென்றால் போலித் தளத்தில் அது வேலையே செய்யாது. உரிமையாளருக்கும் கணக்கு பார்ப்பவருக்குமாவது அதை வாங்கிக் கொடுங்கள்.

ஊழியர்களிடம் சொல்ல வேண்டிய ஒன்று: நீங்கள் லாகின் செய்யாதபோது "இது நீங்கள்தானா?" என்று போன் கேட்டால் ஒருபோதும் "ஆம்" அழுத்தாதீர்கள். 2022 செப்டம்பரில் ஊபரில் நுழைந்தவன், ஒப்பந்த ஊழியர் ஒருவருக்கு இந்தக் கேள்வியை மீண்டும் மீண்டும் அனுப்பினான். அவர் ஒரு முறை ஒப்புக்கொண்டதே போதுமானதாக இருந்தது.

பாஸ்வேர்டைப் பொறுத்தவரை மாதாமாதம் மாற்றச் சொல்லும் பழைய விதியை விட்டுவிடுங்கள். கட்டாயப்படுத்தி மாற்ற வைத்தால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போவார்கள். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டும் 2017 வழிகாட்டுதலில், கசிந்ததற்கான அறிகுறி இருந்தால் மட்டும் மாற்றச் சொல்கிறது. நீளமான பாஸ்வேர்டு, கணக்குக்கு ஒன்று, எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். இதற்கு, எல்லாப் பாஸ்வேர்டுகளையும் பூட்டி வைக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் என்ற மென்பொருள் வேண்டும். பிட்வார்டன், 1பாஸ்வேர்டு, கீபாஸ் போல எதை எடுத்தாலும் சரி. அதன் முதன்மைப் பாஸ்வேர்டை மட்டும் தாளில் எழுதி, உறையிலிட்டு, பூட்டிய பெட்டியில் வையுங்கள். உரிமையாளர் மருத்துவமனையில் படுத்துவிட்டால் நிறுவனம் நின்றுபோகக் கூடாது.

உங்கள் மின்னஞ்சல் முகவரி ஏற்கெனவே ஏதாவது கசிவில் சிக்கியிருக்கிறதா என்பதை, ட்ராய் ஹன்ட் 2013இல் தொடங்கிய "ஹேவ் ஐ பீன் போன்ட்" தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சிக்கியிருந்தால், அந்தப் பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் பயன்படுத்தினீர்களோ அங்கெல்லாம் மாற்றுங்கள்.

மூன்றாம் படி: கழற்றி வைத்த பேக்கப்

பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரவலாக்கிய 3-2-1 விதி இன்னும் நிற்கிறது. மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் காலத்துக்கு நான் ஒன்றைச் சேர்ப்பேன்: குறைந்தது ஒரு நகல் எந்தக் கம்பியோடும் எந்த லாகினோடும் இணையாமல் இருக்க வேண்டும்.

கிளவுடு ஒத்திசைவைப் பேக்கப் என்று நினைத்து ஏமாறாதீர்கள். கணினியில் கோப்பு பூட்டப்பட்டால் பூட்டிய கோப்புதான் கிளவுடுக்கும் போகும். பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதி உள்ளதா, எத்தனை நாள் வைத்திருக்கும் என்று உங்கள் சேவையில் இன்றே பாருங்கள்.

பேக்கப்புக்கும் அன்றாட வேலைக்கும் ஒரே அட்மின் கணக்கு இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்குக் கோட் ஸ்பேசஸ் நிறுவனத்தின் கதை போதும். மற்றவர்களின் நிரல்களைப் பாதுகாத்து வைக்கும் தொழில் அவர்களுடையது. 2014 ஜூனில் ஒருவன் அவர்களின் கிளவுடு கட்டுப்பாட்டுப் பலகத்துக்குள் புகுந்து பணம் கேட்டான். அவர்கள் பாஸ்வேர்டை மாற்றி அவனை வெளியேற்றப் பார்த்தபோது, தரவு, பேக்கப் என்று கண்ணில் பட்டதை எல்லாம் அழித்தான். சுமார் 12 மணி நேரத்தில் தொழிலே முடிந்துபோனது. இரண்டும் ஒரே சாவியில் இருந்ததால் வந்த வினை.

இதற்கு நேர்மாறாக நடந்தது மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தில். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற நாசநிரல் தாக்கியபோது, அவர்களின் உலகளாவிய வலையமைப்பில் யார் யார் உள்ளே வரலாம் என்பதைச் சொல்லும் முதன்மை சர்வர்கள் எல்லாம் அழிந்தன, ஒன்றைத் தவிர. கானா அலுவலகத்தில் இருந்த அந்த ஒரு சர்வர், தாக்குதல் நேரத்தில் மின்சாரம் இல்லாததால் அணைந்து கிடந்தது. அதன் ஹார்டு டிஸ்கை ஆள் மூலம் விமானத்தில் கொண்டு வந்து மீட்பைத் தொடங்கினார்கள். பத்தே நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவினார்கள். அவர்களுக்கு மின்வெட்டால் கிடைத்ததை நீங்கள் ஒரு கம்பியைப் பிடுங்கினால் பெற்றுக்கொள்ளலாம்.

செய்முறை இதுதான். இரண்டு வெளி டிஸ்குகள் வாங்கி "அ", "ஆ" என்று ஒட்டுங்கள். ஒரு வாரம் "அ" அலுவலகத்தில் பேக்கப் எடுக்கும், "ஆ" வேறு கட்டடத்தில் இருக்கும். அடுத்த வாரம் இரண்டும் இடம் மாறும். பேக்கப் முடிந்ததும் டிஸ்க் கழற்றப்பட வேண்டும். இதைச் செய்யும் ஆள் யார் என்று பெயர் குறித்து வையுங்கள். எல்லோருடைய வேலை என்றால் யாரும் செய்ய மாட்டார்கள். டிஸ்கை என்கிரிப்ட் செய்யுங்கள் (பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுங்கள்), ஏனென்றால் பையிலிருந்து தொலைந்துபோகும் டிஸ்கும் தரவுக் கசிவுதான்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேறொரு கணினியில் மீட்டுப் பாருங்கள். கோப்புப் பட்டியல் தெரிந்தால் போதாது; கணக்கு மென்பொருளைத் திறந்து, போன வாரம் போட்ட ஒரு பில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஓர் இடத்தில் மாதக்கணக்கில் பச்சை டிக் காட்டிய பேக்கப்பில் ஃபோல்டர்கள் மட்டும் இருந்தன. தரவுத்தளக் கோப்பு எப்போதும் திறந்தே இருந்ததால் அது ஒரு நாளும் நகலாகவில்லை.

நான்காம் படி: அப்டேட்

வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் 2017 மே 12 அன்று சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம், அதற்கு எட்டு வாரத்துக்கு மேல் அவகாசம் இருந்தது.

தானியங்கி அப்டேட்டை எல்லாக் கணினிகளிலும் இயக்குங்கள். உற்பத்தியாளர் கைவிட்ட மென்பொருளை மாற்றத் திட்டமிடுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஏதோ ஓர் இயந்திரம் பழைய விண்டோஸில்தான் ஓடும் என்றால், அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, அந்த வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் மறப்பது ரூட்டரையும் கேமராவையும். அவற்றுக்குள்ளும் மென்பொருள் இருக்கிறது, அதற்கும் அப்டேட் உண்டு.

ஐந்தாம் படி: திறந்து கிடக்கும் கதவுகள்

வீட்டிலிருந்து அலுவலகக் கணினியை இயக்க ரிமோட் டெஸ்க்டாப்பை நேரடியாக இணையத்துக்குத் திறந்து வைப்பது ரேன்சம்வேர் நுழையும் முக்கிய வழிகளில் ஒன்று. ரூட்டர் அமைப்பில் 3389 என்ற போர்ட் (ரிமோட் டெஸ்க்டாப் வரும் வழி) வெளியே திறந்திருந்தால் உடனே மூடுங்கள். தேவைப்பட்டால் இரண்டடுக்குச் சரிபார்ப்புள்ள விபிஎன் (அலுவலக வலையமைப்புக்குள் வரும் பாதுகாப்பான தனிப் பாதை) வழியாக மட்டும் வரட்டும். விபிஎன்னிலும் பழைய கணக்குகளைத் தேடி அழியுங்கள். 2021 மே மாதம் அமெரிக்காவின் எரிபொருள் குழாய் நிறுவனமான கலோனியல் பைப்லைனை முடக்கியவர்கள் உள்ளே நுழைய உதவியது, யாரும் பயன்படுத்தாமல் விட்ட ஒரு விபிஎன் கணக்கு. அதற்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு கிடையாது.

மற்றவை சீக்கிரம் முடியும். ரூட்டரோடு வந்த அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபையை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 பாதுகாப்பு முறையில் வையுங்கள். வாடிக்கையாளர்களுக்கும் கேமரா, டிவிக்கும் தனி வைஃபை. அன்றாட வேலைக்கு யாரும் அட்மின் கணக்கில் உட்காரக் கூடாது, உரிமையாளர் உட்பட. லேப்டாப் டிஸ்கை என்கிரிப்ட் செய்யுங்கள். விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை அணைக்காமல் விட்டாலே பல சின்ன இடங்களுக்குப் போதும்.

ஆறாம் படி: பணம் போகும் வழி

மின்னஞ்சலில் போலி பில் அனுப்பி, வைரஸே இல்லாமல் பணத்தைக் கொண்டுபோகும் மோசடி இது. அமெரிக்காவின் எஃப்பிஐக்கு 2023இல் வந்த புகார்களின்படி, தொழில் மின்னஞ்சல் மோசடியில் போனது சுமார் 290 கோடி டாலர். கூகுளும் ஃபேஸ்புக்கும்கூடச் சிக்கியவைதான். லிதுவேனியாவைச் சேர்ந்த எவால்டஸ் ரிமாசௌஸ்காஸ், 2013 முதல் 2015 வரை அவர்களுக்குப் பொருள் வழங்கும் நிறுவனத்தின் பெயரில் போலி பில்கள் அனுப்பி 10 கோடி டாலருக்கு மேல் வாங்கினார்.

நான் கையில் எடுத்துப் பார்த்த ஒரு கடிதம் இப்படி இருந்தது: "வணக்கம். எங்கள் வங்கிக் கணக்கில் தணிக்கை நடப்பதால் இம்மாதத் தொகையை மட்டும் கீழ்க்காணும் கணக்கில் செலுத்தவும். திருத்திய பில் இணைப்பில் உள்ளது." பில் எண் சரி, தொகை சரி, முத்திரை சரி. இரண்டு வாரமாக நடந்த உண்மையான உரையாடலுக்கு நடுவிலேயே அது வந்திருந்தது. முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தபோதுதான் பிடிபட்டது. ஆங்கில எம் இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டும் ஒட்டி நின்றன. திரையில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்.

அவனுக்கு எப்படி அந்த உரையாடல் தெரிந்தது? கணக்கு பார்ப்பவரின் மின்னஞ்சலுக்குள் அவன் முன்பே புகுந்திருந்தான். அமைப்புகளில் ஒரு விதியும் போட்டு வைத்திருந்தான்: "பில்", "கட்டணம்" என்ற சொற்கள் வரும் கடிதங்கள் யாரும் திறக்காத ஒரு ஃபோல்டருக்குப் போய்விடும். உண்மையான சப்ளையர் "பணம் வரலியே" என்று எழுதியதெல்லாம் அங்கேதான் கிடந்தன. உங்கள் மின்னஞ்சல் அமைப்பில் விதிகள், தானாக முன்னனுப்பும் முகவரிகள் என்ற இரண்டு பக்கங்களையும் இப்போதே திறந்து பாருங்கள். நீங்கள் போடாத விதி ஏதாவது இருந்தால் யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பு எளிது. வங்கிக் கணக்கு எண் மாறுகிறது என்று யார் எழுதினாலும், உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேட்ட பிறகே மாற்ற வேண்டும். கடிதத்தில் உள்ள எண்ணில் கூப்பிடக் கூடாது. அதை எடுப்பவனும் அவனே. குறிப்பிட்ட தொகைக்கு மேல் இரண்டு பேர் ஒப்புதல். "நான் மீட்டிங்கில் இருக்கேன், உடனே அனுப்பு" என்று உரிமையாளரின் குரலிலேயே போன் வந்தாலும் இதே விதிதான், இப்போது குரலையும் போலியாகச் செய்ய முடிகிறது. உரிமையாளர் இதை எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும்: "நானே அவசரம்னு சொன்னாலும் திருப்பிக் கூப்பிட்டுக் கேளுங்க, கோபப்பட மாட்டேன்." இந்த வாக்குறுதி இல்லாமல் விதி நிற்காது.

உங்கள் பெயரில் மற்றவர்களுக்குப் போலிக் கடிதம் போவதைக் குறைக்க, டொமைனில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் பதிவுகளை (கடிதம் உண்மையில் உங்களிடமிருந்து வந்ததா என்று பெறும் சேவை சரிபார்க்க உதவுபவை) அமைக்கச் சொல்லுங்கள். தெரிந்தவருக்கு அரை நாள் வேலை.

ஏழாம் படி: ஆட்கள்

தவறாக ஒரு இணைப்பை அழுத்தியவர் உடனே வந்து சொல்ல வேண்டும். சொன்னால் திட்டு விழும் என்று பயந்தால் மறைப்பார், அந்த நேரத்துக்குள் எல்லாம் பரவிவிடும். ஐந்து நிமிடத்தில் தெரிந்தால் ஒரு கணினியோடு போகும். வந்து சொன்னவருக்கு எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லுங்கள்.

வேலையை விட்டுப் போகிறவரின் கணக்குகளை அன்றே மூடுங்கள். முதல் படியில் எழுதிய தாள் இதற்கும் உதவும். வெளியிலிருந்து கணினி பார்க்க வருபவர்களுக்கு நிரந்தர அனுமதி வேண்டாம். தேவைப்படும்போது திறந்து, வேலை முடிந்ததும் மூடுங்கள். 2021 ஜூலையில் கசேயா என்ற நிர்வாக மென்பொருள் வழியாகப் பரவிய தாக்குதலில் மாட்டியவை 1,500 வரையிலான நிறுவனங்கள். பலவும் தங்கள் கணினி வேலையை வெளியே ஒப்படைத்திருந்த சிறு நிறுவனங்கள்.

நடந்துவிட்டால்: முதல் ஒரு மணி நேரம்

இதைத் தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள். கணினியில் வைத்தால் அந்த நேரத்தில் திறக்காது.

பாதிக்கப்பட்ட கணினியின் நெட்வொர்க் கம்பியைப் பிடுங்கி வைஃபையை அணையுங்கள். துண்டிக்க முடியாவிட்டால் மட்டும் கணினியையே அணையுங்கள். அணைத்தால் நினைவகத்தில் உள்ள தடயங்கள் அழிந்துவிடும், அவை பிறகு உதவும். பேக்கப் டிஸ்கை எதிலும் செருகாதீர்கள், பதற்றத்தில் பலர் செய்யும் முதல் தவறு அதுதான். திரையில் உள்ள மிரட்டலைப் போனில் படம் எடுங்கள். பணம் போயிருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் வங்கியைக் கூப்பிடுங்கள், சில மணி நேரத்துக்குள் சொன்னால் நிறுத்த வாய்ப்பு உண்டு. சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். சுத்தமான வேறொரு கணினியிலிருந்து மின்னஞ்சலில் தொடங்கிப் பாஸ்வேர்டுகளை மாற்றி, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களையெல்லாம் வெளியேற்றும் பொத்தானையும் அழுத்துங்கள். வாடிக்கையாளர் தரவு போயிருந்தால் அவர்களுக்குச் சொல்லுங்கள். சட்டம் கேட்கும் கெடு பல நாடுகளில் நாள் கணக்கில்தான் இருக்கும்.

பணம் கொடுப்பதா? கொடுக்காதீர்கள் என்பதே என் கருத்து, எஃப்பிஐயும் அதையே சொல்கிறது. கலோனியல் பைப்லைன் 75 பிட்காயின் கொடுத்து வாங்கிய திறவுகோல் அவ்வளவு மெதுவாக இருந்ததால் தங்கள் பேக்கப்பையும் நாட வேண்டியிருந்தது. முடிவெடுக்கும் முன் "நோ மோர் ரேன்சம்" தளத்தைப் பாருங்கள். ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016இல் தொடங்கியது. பூட்டிய கோப்பு ஒன்றை ஏற்றினால் அதற்கு இலவசத் திறவுகோல் இருக்கிறதா என்று சொல்லும். இப்போது இல்லையென்றாலும் பூட்டிய கோப்புகளை ஒரு டிஸ்கில் எடுத்து வையுங்கள், பின்னால் வரலாம்.

மீட்கும்போது அவசரப்படாதீர்கள். அவன் எந்த வழியாக வந்தான் என்று கண்டுபிடித்து அடைத்த பிறகே, சுத்தமாக விண்டோஸ் நிறுவிய கணினியில் பேக்கப்பை ஏற்றுங்கள். அவன் வாரக்கணக்கில் உள்ளே இருந்திருக்கலாம், அதனால் நேற்றைய பேக்கப்பும் கெட்டிருக்கக்கூடும். பழையதையும் அழிக்காமல் வைத்திருங்கள். முதலில் கணக்கும் பில்லும், பிறகு மின்னஞ்சல், அப்புறம் மற்றவை. அடுத்த ஒரு மாதம் தினமும் காலையில் ஐந்து நிமிடம் லாகின் பதிவுகளைப் பாருங்கள். நடு இரவில், யாரும் போகாத ஊரிலிருந்து யாராவது உள்ளே வந்திருந்தால் அதில் தெரியும்.